பதினெட்டாவது அழைப்பு

“தப்பா வந்திருக்கும் ஃபாதர். நான் உள்ள இல்ல. வெளிய வண்டிப் படியில உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கேன்.”

“அடி ஏதாவது பட்டிருக்காப்பா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“ஒண்ணுமில்ல. டீல சக்கரைதான் இல்ல.”

தீயணைப்பு வீரன் தீர்த்தகிரி சிரிக்கப் பார்த்தான். பாதிரியார் அருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மொட்டை மாடியில் துவைத்த அங்கியை உலர்த்திக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தீயணைப்பு வீரர் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் இறந்துவிடுவார் என்று அந்த வீரரின் தலைக்கவசம் கணித்தால் மட்டுமே பாதிரியாருக்கு இந்த அழைப்பு தானாக வரும். கடைசி நேரத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நான்கு வருடங்களில் பதினேழு முறை வந்திருக்கிறது. ஒரு முறைகூடப் பொய்த்ததில்லை. அதனாலேயே அவர் நிலையத்துக்குப் போனால் வீரர்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

அங்கிருந்து ஓடிவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மறுமுனையில் யாரோ கத்துவது கேட்டது. எரியும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாள். ஏணியில் ஏற ஆள் வேண்டும்.

“இந்தத் தடவை என் முறை,” என்றான் தீர்த்தகிரி. அவன் குரல் இறங்கியிருந்தது. “அந்தம்மா ஜன்னல்ல கைய ஆட்டுது ஃபாதர். இங்கருந்தே தெரியுது. ஜெபம் எல்லாம் வேணாம். போகட்டுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க.”