இருளப்பனின் நெஞ்சுப் படம்

கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள் மூக்காயி. பீடி. சந்தேகமே இல்லை, சுத்தமான பீடி நாற்றம்.

“பீடி குடிச்சீங்களா?”

“நானா? பஸ்ஸுல எவனாச்சும் பக்கத்துல குடிச்சிருப்பான்” என்றான் இருளப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நெஞ்சில் கட்டி உள்ள மனுசன் பேசுகிற பேச்சா இது?

மூன்று மாதத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு எக்ஸ்ரே பஸ் வந்து, லயத்து வரிசை வீடுகளில் உள்ள ஆட்கள் எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்துப் போனார்கள். பிறகு இவர்கள் ரெண்டு பேரையும் கேகாலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதாக இருளப்பன்தான் வந்து சொன்னான். அங்கே டொக்டர் படத்தைப் பார்த்துச் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். இவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் சுருக்கமாகச் சொன்னான்.

“எனக்கு வலது பக்கம் மொளகு அளவுல ஒரு கட்டி இருக்காம். நல்லதா கெட்டதான்னு இப்ப சொல்ல முடியாதாம். மூணு மாசம் பொறுத்து மறுபடி படம் எடுத்து, வளந்திருக்கான்னு பாக்கணுமாம்.”

மூக்காயிக்குச் சிங்களம் வராது. மஸ்கெலியாப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கடையோ, ரோட்டில் ஆமி செக்கிங்கோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அவளுக்கு வாய் இருளப்பன்தான்.

அன்றைக்கு அவள் அழுத அழுகை லயம் முழுக்கக் கேட்டது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். முட்டை அவித்து அவன் தட்டில் வைத்தாள், அது எப்படியோ அவள் தட்டுக்கே வந்து சேர்ந்தது. டொனிக்கை ஊற்றிக் கொடுத்தால், “நீயும் குடி, தனியாக் குடிச்சா எறங்க மாட்டேங்குது” என்பான்.

இதையெல்லாம் பாசம் என்று விட்டுவிடலாம். புகைவீட்டு விஷயத்தை எப்படி விடுவது?

ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கிற அந்த வேலையில் மூக்காயிக்கு நிகர் தோட்டத்தில் ஆள் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரம் இருமுவாள், அவ்வளவுதான். புகைக்குள் நிற்கிறவள் இருமாமல் பாட்டா பாடுவாள்?

அந்த வேலையில்தான் மண்ணை அள்ளிப் போட்டான் இருளப்பன். “ஒன் சீலையில வர்ற பொகை எனக்கு ஆகல. இனிமே களை வெட்டப் போ” என்றான். அவளைக் கேட்காமலே கங்காணியைப் பிடித்து வேலையையும் மாற்றிவிட்டான். அவள் இடத்துக்கு வந்தவள் செலினா. புருசன் இல்லாதவள், எப்போதும் சிரித்த முகம்.

சீலைப் புகை ஆகாதாம், பீடிப் புகை ஆகுமாம்!

மூக்காயிக்கு வயிறு எரிந்தது. கட்டி கட்டி என்கிறானே, ஒரு நாள் இருமினானா? நேற்றுக்கூட அவள் தலையில் இருந்த விறகுக் கட்டைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டு லயம் வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறினான்.

‘கட்டியாவது மண்ணாவது. என்னைய அங்கருந்து கெளப்பிட்டுச் செலினாவ வைக்கத்தான் இந்தக் கூத்து’ என்று பல்லைக் கடித்தாள். அடுத்த நிமிசமே பயம் பிடித்தது. நிஜமாகவே கட்டி இருந்தால்? சாகக் கிடக்கிற மனுசனையா சந்தேகப்படுகிறோம்?

பொய்யாக இருந்தால் அவனைச் சும்மா விடக்கூடாது என்று தோன்றியது. பொய்யாகவே இருந்துவிடட்டும் தாயே என்றும் தோன்றியது. எது எப்படியோ, இந்தத் தடவை உண்மை தெரியாமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதில்லை என்று முடிவு கட்டினாள்.

கிளினிக் நாள் வந்தது. போனவுடன் அவளைத்தான் படம் எடுக்க அனுப்பினான்.

“எனக்கு எதுக்குங்க?”

“ஒரே வூட்டுல இருக்கோம்ல. ஒனக்கும் ஒட்டியிருக்கான்னு பாக்குறாங்க.”

“அப்ப ஒங்களுக்கு?”

“ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்” என்று எங்கேயோ கையைக் காட்டினான்.

படம் எடுத்துவிட்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். இருளப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன், அதுக்குள்ள கூப்பிட மாட்டாங்க” என்று எழுந்து போனான். தேத்தண்ணியா பீடியா என்று மூக்காயிக்குத் தெரியாதா?

அவன் போன கையோடு உள்ளே கூப்பிட்டார்கள். வாசலில் புதிதாக ஒரு நர்ஸ் நின்றாள். மாவனல்லைக்காரி, பெயர் மர்லியா.

“உள்ளுக்கு வாங்க அக்கா.”

தமிழ்! மூக்காயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

“எங்க வூட்டுக்காரரு இன்னும் வரலியே மிஸ்.”

“பரவாயில்ல, டொக்டர் சொல்றத நான் சொல்றேன்.”

உள்ளே டொக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. மூக்காயி மர்லியாவின் காதருகே போனாள்.

“மிஸ், டொக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரருக்கு நெசமாவே கட்டி இருக்கா, இல்ல நடிக்கிறாரா? எதுன்னாலும் மறைக்க வேணாம். நான் தாங்கிக்குவேன்.”

மர்லியா சிங்களத்தில் கேட்டாள். டொக்டர் விளங்காமல் மூக்காயியைப் பார்த்தார், திரும்பிப் படங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

மர்லியா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அவரு ஒங்களுக்குத் துணையா வாறவருதானே அக்கா... இந்தப் படம் ரெண்டும் ஒங்களோடது.”