லாரித் தண்ணீர்

வீட்டுக் குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது என்றது அரசு அறிக்கை. அது உறுதியானால் லாரித் தண்ணீர் நின்றுவிடும். அறிக்கையைச் சரிபார்க்க வந்த விஞ்ஞானிகள் பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்டபோது பூங்காவனம் எழுந்தாள். அவள் மகனுக்கு வேலை செய்வது ஒரு சிறுநீரகம்தான்.

“அந்த அறிக்கைக்குத் தண்ணி மாதிரி எடுக்க வந்த சார் பாட்டில நீட்டினாரு. வீடு தேடி வந்த மனுசனுக்கு மஞ்சத் தண்ணியா குடுக்கறது? வெக்கமா இருந்துச்சுங்க. குடத்துல இருந்த லாரித் தண்ணியத்தான் ஊத்தினேன்.”

குழுத் தலைவர் பேனாவை மூடினார். “ஒரு வீட்டால முடிவு மாறாதும்மா. மீதி முப்பத்தொன்பது வீட்டு மாதிரி இருக்கே.”

பூங்காவனம் திரும்பினாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“மானம் போனா போவுது,” என்றாள். “சொல்லுங்கடி.”