கல்லீரலுக்குள் ஒரு கசிவு

அவர் விழித்திருந்தார்.

மரத்துப்போக ஊசி போட்டது தொடை மடிப்பில் மட்டும்தான். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய், தமனிக்குள்ளேயே ஏறிக் கல்லீரல்வரை போயிருந்தது.

அது போனது அவருக்குத் தெரியவில்லை. தமனியின் உட்புறம் தொடுதலை உணர்வதில்லை.

காலையில் பல் துலக்கும்போது கல்லீரலில் இருந்த கட்டி வெடித்தது. கட்டி இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரியும். அதிலிருந்து ரத்தம் இப்போதும் வயிற்றுக்குள் கசிகிறது.

டாக்டர் நஸ்ரீன் திரையை அவர் பக்கம் திருப்பினார். விளக்காமல் டாக்டருக்கு வேலை ஓடாது.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. பெரும்பங்கு குடலிலிருந்து, ஒரு பெரிய சிரை வழியாக. மீதி தமனி வழியாக.

கட்டி உறிஞ்சுவது தமனி ரத்தத்தை.

அதன் கிளையை அடைத்தால் கசிவு நிற்கும். கல்லீரல் மற்ற வழியில் பிழைத்துக்கொள்ளும்.

அடைப்பதற்கு மணலைவிடச் சிறிய துகள்கள். தள்ள வேண்டியதில்லை. கசியும் இடத்துக்கு ரத்தமே அவற்றை இழுத்துப்போகும்.

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பயணியாக உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும்.

இப்போதும் தேடியது.

நர்ஸ் முழங்காலை அழுத்திப் பிடித்தார். "கால அசைக்கப்படாது அண்ணாச்சி. வண்டிய டாக்டர் ஓட்டுதாங்க."

ரத்த அழுத்தம் எண்பது. பிறகு எழுபத்தாறு.

மூச்சோடு கல்லீரலும் ஏறி இறங்கும். படம் கலங்கிவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கச் சொல்வார்கள். அவரிடம் கேட்கப்பட்ட ஒரே வேலை அது.

அடக்கினார்.

ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் சாயம் குழாய் வழியே பாய்ந்தது. வயிற்றுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சூடு. திரையில் தமனி இலையில்லாத மரமாகக் கறுத்தது. ஒரு கிளையின் நுனியில் மட்டும் புகை பரவியது.

அதுதான் கசிவு.

துகள்கள் போயின. மறுபடி அடக்கினார். புகை சிறுத்திருந்தது.

தான் அடக்க அடக்க அது சிறுப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் துகள்கள். மூன்றாவது முறை.

கிளையின் நுனியில் எதுவும் இல்லை.

நஸ்ரீன் திரையை நெருங்கிப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு முறையும் உடனே சொல்வதை இந்த முறை சொல்ல மறந்துவிட்டார். நர்ஸ்தான் படுத்திருந்தவர் முகத்தைக் கவனித்தார்.

"அண்ணாச்சி, மூச்ச விடுங்க. படம் எடுத்தாச்சு."

அவர் கண்கள் திரையிலேயே இருந்தன.

உதடுகள் திறக்கவில்லை. பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரல் மட்டும் எழுந்தது.