பதினைந்து தையல்

மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்திருந்த தையல்காரர் சட்டை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெலனோமான்னா தோல் புற்றுநோய்தான். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு. வெட்டி எடுத்தா சரியாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரே!"

"எத்தனை தையல் போடுவாங்க?"

"பதினஞ்சு. நாளெல்லாம் மெஷின்ல தைக்கிற மனுஷன் கேக்கற கேள்வியா இது?"

"துணிக்கு வலிக்காதுடி."

நர்ஸ் கதவைத் திறந்தாள். "ஆபரேஷனுக்கு நேரமாச்சு, வாங்க."

எழுந்தது மனைவி.

"சிஸ்டர், இவரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. போன தடவை ஊசி எனக்கு, மயங்கி விழுந்தது இவர்" என்று சிரித்தாள். பிறகு குரல் தழைந்தது. "பயந்தாங்கொள்ளிதான். ஆனா ரவிக்கைக்கு அளவெடுக்கறப்ப, என் முதுகுல மச்சம் வளர்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சதும் இவர்தான்."