இடது கைக்கு வராத மை

மூன்றாவது தடவையாக அந்தப் பேனாவைக் கழுவி, நிப்பைத் தேய்த்து, மை நிரப்பிய கடைக்காரர் சபாபதி, தாளில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். மை வழுக்கிக்கொண்டு வந்தது. "பேனா தங்கமா இருக்கு, டீச்சர்," என்றார். கோமளவல்லி அதை வாங்கி இடது கையால் அதே சுழியைப் போட்டாள். நிப் தாளைக் கீறியது. பாதியிலேயே மை நின்றுவிட்டது. வந்த பாதியையும் அவளுடைய உள்ளங்கை ஓரம் இழுகிவிட்டது.

"நீங்க பேனாவை இழுத்து எழுதுறீங்க, நான் தள்ளி எழுதுறேன். அதுக்குத் தகுந்தாப்பல தேய்ச்சுக் குடுங்கன்னுதானே மூணு தடவையா சொல்றேன்? ஒரே ஒரு தடவை நீங்க இடது கையில எழுதிப் பாருங்க, அண்ணாச்சி."

சாப்பாட்டு இலையில் செருப்பை வைக்கச் சொன்னதுபோல அவர் முகம் சுளித்தார். "அது எதுக்கு இருக்கிற கை? அதால பிள்ளையார் சுழி போடவா?" பேனாவைப் பிடுங்கி, வலது கையால் இன்னொரு சுழியை வழுவழுவென்று போட்டுக் காட்டினார். "கோளாறு பேனாவுல இல்ல."

இந்த மூளைக்கு ஒரு கடை, அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேறு என்று நினைத்துக்கொண்டு அவள் இடது கையை நீட்டினாள்.

"காலங்காத்தால கடையில அந்தக் கையை நீட்டாதீங்க, டீச்சர்."

நிப் தன் பக்கம் இருக்கும்படி மரியாதையாகப் பேனாவை நீட்டியபடி, அவளுடைய வலது கை வரட்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் கையை மடக்கவில்லை. இத்தனை நேரம் அவளுக்கு வராத மை நிப் முனையில் தானாகத் திரண்டு, அவருடைய வெள்ளை முழுக்கைச் சட்டைக்கு மேலே தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். சொல்லவில்லை.