பத்தாவது வரிசை

ஒன்பதாவது வரிசையில் அந்தப் பெயர் இருந்தது.

ம. எழிலன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தான். பெயர் மாறவில்லை.

தங்க மோதிரம், பச்சைக்கல், நான்கு கிராம். பெற்ற விதம்: அன்பளிப்பு. பெற்ற ஆண்டு: 2001. வழங்கியவர்: ம. எழிலன்.

உறவுமுறை என்ற கட்டம் மட்டும் காலி.

கையெழுத்து அவன் மனைவியுடையது.

அதே அலுவலகத்தில் மாடியில் அவளுக்கு வேலை. கீழே, ஊழியர்களின் ஆண்டுச் சொத்து அறிக்கைகளைச் சரிபார்க்கும் சீட் அவனுடையது. இத்தனை வருடமும் எல்லோரும் 'சென்ற ஆண்டைப் போலவே, மாற்றமில்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் சேர்த்து அவனே எழுதிவிடுவான். அவள் கையெழுத்துப் போடுவாள்.

இந்த வருடம் புதுப் படிவம். குண்டுமணித் தங்கமானாலும் யார் கொடுத்தது, என்ன உறவு என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

பிழைக்கத் தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 'அப்பா' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குப் பொய் வராது. அதுதான் வம்பு.

மனைவியின் அறிக்கையைக் கணவன் சரிபார்க்கக் கூடாது. பக்கத்து சீட் செபஸ்தியானிடம் தள்ளிவிட வேண்டும். தள்ளுவதற்குத்தான் கையில் எடுத்தான்.

இப்போது எப்படித் தள்ளுவது?

அந்த மோதிரம் அவனுக்குத் தெரிந்ததுதான். இருபது வருடமாக ஸ்கூட்டரில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் கையில் இருப்பது. அவள் அம்மா போட்டது என்று நினைத்திருந்தான். கேட்டதில்லை.

இன்று காலையில்கூட அந்தக் கை தோளில் இருந்தது.

வயிறு எரிந்தது. ஐம்பது வயதில், ஆபீஸ் நேரத்தில், முகமே தெரியாத ஒருவன் மேல். பெயரைப் பார், எழிலனாம். ஆள் எப்படி இருப்பான்? தலையில் முடி மிச்சமிருக்குமா?

பையனைக் கல்லூரியில் சேர்த்தபோது வீட்டு நகையெல்லாம் அடகுக்குப் போனது. மோதிரம் போகவில்லை. நாலு கிராமில் என்ன தேறப்போகிறது என்றாள். அவனும் சரி என்று நம்பினான். மடையன்.

கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இணை இயக்குநருடையதையே திருப்பி அனுப்பியவன் அவன்.

மெமோ எழுதினான்.

'வரிசை எண் 9-இல் உறவுமுறை குறிப்பிடப்படவில்லை. இன்று மாலைக்குள் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

வீட்டில் வாய்விட்டுக் கேட்டிருக்கவே மாட்டான். ஆபீஸ் தமிழில் சுலபமாக வந்துவிட்டது.

மூன்று மணிக்கு அவளே இறங்கி வந்தாள். செக்ஷனில் எல்லோரும் இருந்தார்கள். மற்றவர்களைப் போலவே மேசைக்கு முன்னால் நின்று பேனாவைத் திறந்தாள். யோசிக்கவில்லை.

'நண்பர்' என்று எழுதினாள். முத்து முத்தாக.

பிறகு தாளின் அடியை விரலால் தொட்டாள். பச்சைக்கல் இருந்த விரல்தான்.

"பத்தாவது வரிசைய நான் காலியாத்தான் விட்டிருக்கேன் சார். கோடு போடணும்னா நீங்களே போட்டுக்கங்க."

படியேறிப் போய்விட்டாள்.

எழுதாத வரிசையைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட வேண்டும். பிற்பாடு யாரும் எதையும் சேர்த்துவிடாமல் இருக்க. இத்தனை வருட சர்வீஸில் எந்தப் படிவத்திலும் அவள் அதை மறந்ததே இல்லை.

அவன் அப்போதுதான் மேலிருந்து படித்தான்.

ஆரம், அப்பா. வளையல் இரண்டு, அப்பா. தோடு, அம்மா. மாட்டல், பெரிய அண்ணன். மூக்குத்தி, சின்ன அண்ணன். சங்கிலி, சொந்தச் சம்பளம். இன்னொரு ஜோடி தோடு, அதுவும் சொந்தச் சம்பளம்.

தாலிக்கொடி, மாமியார்.

ஒன்பது, எழிலன்.

தன் பெயரைத் தேடினான். இல்லாமல் இல்லை. முதல் பக்கத்தில், 'கணவர் பெயர்' என்ற இடத்தில் இருந்தது.

நாலு கிராம் கொடுத்தவனுக்கு ஒரு முழு வரிசை. இருபது வருடம் கூட இருந்தவனுக்கு அரை வரிகூட இல்லை. வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. யார் மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை.

அறிக்கை டிசம்பர் முப்பத்தொன்று வரைக்குமானது. பொங்கலே முடிந்துவிட்டது. இனி எது வந்தாலும் அடுத்த வருட அறிக்கையில்தான் ஏறும்.

ஸ்கேலை வைத்துப் பத்தாவது வரிசையில் கோடு போட்டான்.

படிவத்தைச் செபஸ்தியானிடம் தள்ளினான். அவர் நிதானமாகப் படிக்கிறவர். படிக்கட்டும்.

ஐந்தே முக்காலுக்கு அவள் ஸ்கூட்டர் பக்கம் வந்து நிற்பாள். கடைவீதியில் நகைக்கடை வரை போய் அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

ஒரு மணி நேரம் பர்மிஷன் எழுதிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினான்.

அவர் தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

காரணம் என்ற கட்டத்தில் அவன் எதுவும் எழுதியிருக்கவில்லை.