தும்பை முடியவில்லை

கொஞ்சம் கிட்ட வாருங்கள், மக்களே. பூவுக்குப் பின்னாலேயே போகிறவர்களின் கதை ஒன்று சொல்கிறேன். சின்னக் கதைதான். அடுப்பில் வைத்த உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

அவள் டெம்போவில் ஏறவில்லை.

ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கினாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

பின்னால் தேன்பெட்டிகள் எல்லாம் ஏறியாயிற்று. ஒவ்வொரு பெட்டி வாசலிலும் துணி அடைத்திருந்தது. உள்ளே இரைச்சல். கோபம் வந்த இரைச்சல்.

வெயில் இன்னும் இறங்கவில்லை.

அதுதான் தப்பு.

மேயப் போன தேனீ எல்லாம் திரும்பிய பிறகுதான் வாசலை அடைக்க வேண்டும். இருட்டிய பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள் புருஷன்தான். ஒரு ஈ வெளியே நின்றாலும் வண்டி எடுக்க விடமாட்டார்.

இன்றைக்கு நாலு மணிக்கே அடைத்துவிட்டார்.

"பூ முடிஞ்சு போச்சு," என்றார்.

அவள் காட்டைப் பார்த்தாள். சாத்தான்குளத்துத் தரிசு முழுக்கத் தும்பை. மழை பெய்து ஓய்ந்த செம்மண்ணில் வெள்ளை வெளேரென்று, யாரோ அரிசியை வாரி இறைத்த மாதிரி.

முடிந்தது பூ இல்லை.

மத்தியானம் ஒரு போன் வந்தது. கயத்தாற்று நிலக்காரர். மார்கழி முழுக்க அவர் நிலத்தில்தான் நெருஞ்சிப் பூவுக்குப் பெட்டி வைத்திருந்தார்கள். அவர் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்தில் நின்ற அவளுக்குக் கேட்காதா?

"உம்ம மக ரோஸ்லெட் வந்திருந்தா வே. பெட்டி இருந்த இடத்தப் பாத்துக்கிட்டே நின்னா. நம்பர் குடுக்கக் கூடாதுன்னு நீரு சொன்னதால நான் குடுக்கல. அவளும் கேக்கல. 'தும்பைக்குப் போயிருப்பாவ, நான் போயிக்கிடுதேன்'னு பஸ் ஏறிட்டா."

புருஷன் போனை வைத்தார். வைத்த கையோடு டெம்போவுக்குச் சொல்லிவிட்டார்.

மகள் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் ஒன்றரை வருஷம். அன்றைக்கே நம்பரை மாற்றினார். மார்த்தாண்டத்தில் இருந்த வாடகை வீட்டை ஒழித்துக் கொடுத்தார். பூ இருக்கிற இடம்தான் வீடு என்றார். நெருஞ்சிக்கு ஓடினார், தும்பைக்கு ஓடினார், மலையில் ரப்பர் தளிர்க்கும்போது அங்கே ஓடினார். வேம்பு, புளி, மறுபடியும் நெருஞ்சி.

ஒன்றை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை.

எந்த மாதம் எந்தப் பூ எங்கே என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சின்னதில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவரே சொல்லிக் கொடுத்தது.

முதல் ஈ வந்தது.

பெட்டி இருந்த கல்லின் மேல் இறங்கியது. எழுந்து சுற்றியது. திரும்ப அங்கேயே இறங்கியது.

பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கொத்து. கொஞ்ச நேரத்தில் கல் கறுத்துவிட்டது.

டெம்போக்காரர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். "ஈயும் கோவிச்சுக்கிட்டு நிக்கி, அக்காவும் கோவிச்சுக்கிட்டு நிக்காவ. நான் யார ஏத்திக்கிட்டுப் போவ, அண்ணாச்சி?"

"ஏறுட்டி," என்றார் அவர்.

டெம்போவைச் சுற்றி வந்தார். இறுக்கிய கயிற்றையே திரும்ப இறுக்கினார். ரோட்டுப் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை.

அவள் ஒரு காலிப் பெட்டியை இறக்கினாள். கல்லின் மேல் வைத்தாள். பழைய வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே திருப்பி வைத்தாள். பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய போனதுக்குத் தெரியுமா, நாம எடம் மாறுவோம்னு?" என்றாள். "இருந்த எடத்துக்குத்தான வரும்."



ஈக்கள் காலிப் பெட்டிக்குள் போயின. போன வேகத்தில் வெளியே வந்தன. ஒன்று அவர் சட்டைக் கையில் உட்கார்ந்தது. காலில் மஞ்சளாக மகரந்தம். அவர் தட்டிவிடவில்லை.

டெம்போக்காரர் இன்ஜினைப் போட்டார்.

தூரத்தில், திருப்பத்தில், பஸ் ஹாரன்.

"வண்டிய அணை," என்றார் அவர்.

கயிற்றை அவிழ்த்தார். இறுக்கி இறுக்கி வைத்த முடிச்சு, லேசில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். பின்வரிசையில் இருந்த அந்தக் கல்லின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். அவள் வைத்த காலிப் பெட்டியை நகர்த்திவிட்டு, அதே கல்லில் வைத்தார். வாசலில் இருந்த துணியைப் பிடுங்கினார்.

வெளியே நின்றவை ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே நடந்தன.

"அண்ணாச்சி, திறந்துட்டா இனி இருட்டாம எடுக்க முடியாதே," என்றார் டெம்போக்காரர்.

"தெரியும்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கை அடுத்த பெட்டிக்கு நீண்டிருந்தது.

அவ்வளவுதான், மக்களே. உலை கொதிக்கிறது, போய் அரிசியைப் போடுங்கள். உங்கள் வீட்டு வாசல் என்றும் பார்த்த திசையையே பார்த்திருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள் வந்து சேரட்டும்.